பெயிண்டர் கையெழுத்தை எழுத்துருவாக்குவது எப்படி? தமிழ் பிரஷ் எழுத்துருவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முனையில் பூட்டிக் கிடக்கும் சைக்கிள் கடை ஒன்று உண்டு. ஷட்டருக்கு மேலே தகரப் பலகை. அதில் 'நெல்லை' என்ற சொல் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்த 'லை'யைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் ஒரு நிமிடம் நின்றுதான் படிப்பார்கள். கொம்பு முன்னால் இல்லை. 'ல'வின் தலையிலிருந்து யானைத் துதிக்கை போல ஒரு வளைவு எழும்பி இறங்கியிருக்கும். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சிலும் பலகையிலும் 'லை' அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகும் பழகிய கைகள் பல வருஷம் அப்படியே எழுதின.

அந்தப் பலகையை ஒருநாள் கழற்றிவிடுவார்கள். பலகை போகட்டும், அதை எழுதிய கை போகக் கூடாது. நம் ஊர்ப் பக்கத்தில் சுவரிலும் தகரத்திலும் லாரியிலும் எழுதிப் பழகிய பெயிண்டர்கள் பலர் பிளக்ஸ் வந்த பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பிரஷைக் கையில் கொடுத்தால் இன்றும் எழுதுவார்கள். அந்தக் கையெழுத்தைக் கணினியில் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துருவாக மாற்றும் முறையைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன். செய்து முடித்ததை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதும் பின்பாதியில் வரும்.

முதலில் ஒரு தெளிவு

பிரஷ் எழுத்துரு என்பது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் வடிவமைத்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' 1942-ல் ஈய எழுத்தாகவே வந்தது. பிரான்சில் ரோஜே எக்ஸ்கொஃபோன் 1953-ல் 'மிஸ்ட்ரல்' கொண்டுவந்தார். அவற்றின் அழகு எழுத்துகள் ஒன்றோடொன்று கை கோப்பதில் இருக்கிறது. ஆங்கிலக் கையெழுத்தே அப்படிக் கோத்து எழுதுவதுதான்.

தமிழ் அப்படி இல்லை. நாம் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதுகிறோம். ஆகவே தமிழ் பிரஷ் எழுத்துரு செய்கிறேன் என்று எல்லா எழுத்துக்கும் வால் வைத்து அடுத்ததோடு ஒட்டவைத்தால் படிக்கவே முடியாது. தமிழில் பிரஷின் உயிர் சுழியில் இருக்கிறது. பிரஷ் எங்கே அழுந்துகிறது, எங்கே மெலிகிறது, எங்கே மை தீர்ந்து நார் நாராகப் பிரிகிறது என்பதில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி என்பது புரிந்துவிடும்.

சாய்வான கையெழுத்துச் சாயலில் தமிழ் எழுத்துரு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கூகுள் ஃபான்ட்ஸில் தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' கிடைக்கிறது, இலவசம். அதை இறக்கி நாலு வரி தட்டச்சு செய்து பாருங்கள். நாம் செய்யப்போவது அதைவிடத் தடித்த, கடைப் பலகைக்கான எழுத்து. ஆனாலும் ஒரு நல்ல எழுத்துருவைக் கண்ணில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

படி 1: கையைத் தேர்ந்தெடுங்கள், பேசி முடியுங்கள்

உங்கள் ஊரிலேயே தேடுங்கள். கோவில் கொடைக்கு, அதாவது ஊர்க் கோவில் திருவிழாவுக்குச் சுவரெழுதியவர், பள்ளிக்கூடச் சுவரில் குறள் எழுதியவர், லாரி செட்டில் நம்பர் எழுதுபவர் என யாராவது இருப்பார். போன உடனே எழுத்துரு, கணினி என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர் எழுதியதை நாலு இடத்தில் பார்த்துவிட்டுப் போய் அதைப் பற்றிப் பேசுங்கள்.

ஒருவருடைய கையெழுத்தை எழுத்துருவாக்கி நாம் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ போகிறோம். ஆகவே பணத்தை முதலிலேயே பேசுங்கள். எழுதும் நாளுக்குக் கூலி எவ்வளவு, விற்றால் பங்கு எவ்வளவு, எழுத்துருவின் பெயரிலோ கோப்பின் விவரத்திலோ அவர் பெயர் வர வேண்டுமா, இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சுவரில் இருப்பதைப் போட்டோ எடுத்து, எழுதியவருக்குத் தெரியாமலே எழுத்துருவாக்குவது சரியில்லை. அந்த வழியில் நல்ல எழுத்துருவும் வராது. சுவரில் இருப்பது இருபது முப்பது எழுத்துதான். மீதியை நாம் ஊகித்து வரைய வேண்டியிருக்கும், அங்கேயே கை மாறிவிடும்.

படி 2: பிரஷ், மை, தாள்

பெயிண்டர்கள் பொதுவாக இரண்டு வகை பிரஷ் வைத்திருப்பார்கள். ஃபிளாட் பிரஷில் எழுதினால், பிடிக்கும் கோணத்தால் தடிமனும் மெலிவும் வரும். ரவுண்ட் பிரஷில் அழுத்தத்தால் வரும். விளையாட்டான, சகஜமான எழுத்துக்கு ரவுண்ட்தான் என் தேர்வு. 8 முதல் 12 எண் வரை போதும். ஆனால் அவருக்கு எது பழக்கமோ அதையே கொடுங்கள். புது பிரஷ் வாங்கிக் கொடுத்துப் பழைய பிரஷைப் பிடுங்காதீர்கள்.

மைக்கு எனாமல் பெயிண்டில் சில சொட்டு டர்பன்டைன் கலந்து, வழுவழுப்பான ஆர்ட் கார்டில் எழுதச் சொல்வேன். தகரத்தில் வழுக்கிப் பழகிய கை சொரசொரப்பான சார்ட் தாளில் தயங்கும். தயக்கம் எழுத்தில் அப்படியே பதியும். காய நேரமாகும் என்பது ஒன்றுதான் சிரமம். அவசரம் என்றால் கறுப்பு போஸ்டர் கலர் போதும்.

நார் பிரிந்த முரட்டுக் கோடு வேண்டுமென்றால் கடைக்கே போக வேண்டாம். வெள்ளையடிக்கப் பனை மட்டையின் நுனியை நசுக்கி நாராக்கிப் பயன்படுத்துவது நம் பக்கத்துப் பழக்கம்தானே. விரல் அகலத்துக்கு ஒரு மட்டைத் துண்டை நசுக்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து எழுதிப் பாருங்கள். கோட்டின் முடிவில் அது விடும் வெள்ளைக் கீற்றுகளைக் கணினியில் எந்த வடிகட்டியாலும் கொண்டுவர முடியாது.

படி 3: எழுத்துப் பட்டியல்

247 எழுத்தையும் வரைய வேண்டுமா என்று எல்லோரும் பயப்படுவார்கள். வேண்டாம். கணக்கு இப்படி:

உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்துக்கான இணைக்கொம்பு, ஔகாரத்தின் பின்குறி என ஐந்து குறிகள். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் எழுத்தோடு ஒட்டி உருமாறுகின்றன. ஆகவே அவை 18 வீதம் 72. இதுவரை 108.

அடுத்தது புள்ளி. இங்கேதான் பலரும் சுருக்கு வழியில் போய்விடுகிறார்கள். புள்ளியை மட்டும் தனியாக வரைந்து எல்லா எழுத்தின் தலையிலும் வைத்துவிட்டால் 18 எழுத்து மிச்சம்தான். ஆனால் தமிழில் சொல்லுக்குச் சொல் ஒரே எழுத்து இரட்டித்து வருகிறது. நெல்லை, பட்டி, அப்பளம், அக்கா. 'நெல்லை'யில் ஒரு 'ல்', பக்கத்திலேயே ஒரு 'ல'. இரண்டும் ஒரே வார்ப்பில் இருந்தால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், இது இயந்திரம் என்று கண் உடனே சொல்லிவிடும். நான் முதலில் கொண்டுபோன மாதிரியைப் பார்த்துவிட்டு எங்கள் பெயிண்டர் அண்ணாச்சி சொன்னது இதுதான்: "ரெண்டு 'ல'வும் ஒண்ணு போல இருந்தா அது கையெழுத்து இல்ல தம்பி, ரப்பர் ஸ்டாம்பு."

ஆகவே மெய்யெழுத்து 18-ஐயும் புள்ளியோடு தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தம் 126. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றின் வரிசைக்கு 30, ஸ்ரீ ஒன்று. ஆக 157. பிறகு எண்கள், நிறுத்தக்குறிகள், ரூபாய் குறி.

இதற்கு மேல் ஆசை இருந்தால் பழைய வடிவங்கள். 1978 சீர்திருத்தத்தில் மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. வரைய வேண்டியது ஏழே வடிவம்தான். பழைய ணா, றா, னாவுக்கு முன்னால் கொம்பு வைத்தால் மற்ற ஆறும் வந்துவிடும். நம் ஊரின் பெயரிலேயே 'லை' இருக்கிறது, பாளையங்கோட்டையில் 'ளை' இருக்கிறது. இந்த ஏழையும் விட்டுவிட எனக்கு மனம் வராது.

படி 4: எழுதும் நாள்

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று நாள் வையுங்கள். தாளில் வெளிர் நீலப் பென்சிலால் தரைக்கோடு, தலைக்கோடு, மேல் எல்லை, கீழ் எல்லை என்று நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எழுத்தின் உடல் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். சின்னதாக எழுதினால் கை மணிக்கட்டோடு நின்றுவிடும். பெரிதாக எழுதும்போதுதான் தோள் அசையும், பலகையில் வரும் அதே வீச்சு வரும்.

முக்கியமான விஷயம், தனி எழுத்தாக எழுதச் சொல்ல வேண்டாம். 'க எழுதுங்க, ங எழுதுங்க' என்றால் பள்ளிக்கூடப் பிள்ளை போல உருட்டி உருட்டி எழுதுவார். சொல்லாகக் கொடுங்கள். அவர் எழுதிப் பழகிய சொற்களையே கொடுங்கள்: கொடை விழா, சுக்கு காபி, டயர் பஞ்சர், இங்கே விளம்பரம் செய்யாதீர். ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது மூன்று சொல்லிலாவது வரும்படி பட்டியல் போடுங்கள். பிறகு அவற்றில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

அவர் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அலைபேசியில் வீடியோ எடுங்கள். 'அல்வா' என்று எழுதும்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். 'ல'வும் 'வ'வும் இடப்பக்கச் சுழியில்தான் தொடங்குகின்றன. சுழியை அவர் பிரஷின் நுனியால் மட்டும் போட்டார், கோடு ஈர்க்குச்சி தடிமன்தான். சுழி முடிந்து கோடு கீழே இறங்கும் இடத்தில் பிரஷ் முழுதாக அமர்ந்தது. 'ல' கிண்ணம் போல வளைந்து மேலே ஏறும்போது அழுத்தம் மெல்ல விலகியது. 'வ'வில் தரையோடு ஓடிய கோடு மூலைக்கு வந்ததும் ஒரு கணம் நின்றது, விரல்களுக்கு நடுவில் பிரஷைக் கொஞ்சம் உருட்டினார், அப்புறம் குத்துக்கோடு. அந்த உருட்டலால் மூலையில் ஒரு சின்ன முண்டு விழுந்தது. கணினியில் வரையும்போது அந்த முண்டைப் பிழை என்று நினைத்து வழித்து எடுத்துவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் திரையில் அந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டினார். "எழுத்த மட்டும் பாக்காத. பிரஷ் எங்க உக்காருது, எங்க எந்திரிக்குதுன்னு பாரு." மறுபடி எல்லா 'வ'விலும் முண்டைக் கொண்டுவந்தேன். எழுத்து அப்போதுதான் அவருடையதானது.

எழுதி வாங்கும்போதே சந்தேகத்துக்கு இடமான ஜோடிகளைச் சரிபாருங்கள். வேகமாக எழுதினால் 'ர'வும் காலும் ஒன்றாகிவிடும். 'ர'வின் அடியில் சாய்வு வால் தெளிவாக இருக்க வேண்டும், காலுக்கு அது கூடாது. 'வாரம்' என்று எழுதச் சொன்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், உடனே தெரிந்துவிடும். 'ழ'வும் 'மு'வும் இதே மாதிரி மயக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்டும் இந்த மேல்சுழி வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தம் என்பார்கள். அவர் இருந்த காமநாயக்கன்பட்டி கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் மண்ணில் நடமாடியவர் தெளிவுக்காகச் செய்ததை பிரஷின் வேகத்தில் நாம் அழித்துவிடக் கூடாது.

படி 5: ஸ்கேன், டிரேஸ்

600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். அலைபேசி போட்டோ ஓரங்களில் வளைத்துவிடும், வேண்டாம். படத்தைத் திருத்தும் மென்பொருளில் நீல அலைவரிசையை (புளூ சேனல்) மட்டும் தனியாக எடுத்தால் பென்சில் கோடுகள் வெளுத்து மறைந்துபோகும், கறுப்பு எழுத்து மட்டும் நிற்கும்.

ஸ்கேன் படத்தைக் கணினி திருத்தக்கூடிய கோட்டு வடிவமாக மாற்றுவதுதான் டிரேஸ். அதற்கு இங்க்ஸ்கேப் போதும், இலவச மென்பொருள். டிரேஸ் செய்தவுடன் கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள் ஓரங்களில் நூற்றுக்கணக்கில் ஈ மொய்த்தது போல நிற்கும். அதை அப்படியே விடக் கூடாது. இரண்டு பதிப்பு செய்யச் சொல்வேன்.

ஒன்று மழமழப்பானது. ஓரங்களை நேர்த்தியாக்கி, வளைவின் மேல், கீழ், இட, வல உச்சிகளில் புள்ளி வைத்து, மொத்தத்தில் முப்பது நாற்பது புள்ளிக்குள் எழுத்தை அடக்குங்கள். இன்னொன்று முரடானது, நார்க் கீற்றுகளோடு. போஸ்டர், டி-ஷர்ட், யூடியூப் முகப்புப் படத்துக்கு முரடு நன்றாக இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு முரட்டுப் பதிப்பைக் கொடுத்தீர்கள் என்றால் கத்தி ஒவ்வொரு கீற்றையும் வெட்டப் போய் வினைல் கிழிந்துவிடும். அல்வாப் பெட்டிக்குத் தங்க ஃபாயில் அடிக்கும்போதும் மெல்லிய கீற்றுகள் அடைத்துக்கொள்ளும். இந்த இடங்களுக்கெல்லாம் மழமழப்பான பதிப்புதான்.

படி 6: எழுத்துருவாகக் கோத்தல்

வரைந்த வடிவங்களை எழுத்துருக் கோப்பாக்க ஒரு மென்பொருள் வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம். மேக் கணினி வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து கிளிஃப்ஸ் வாங்கினால் வேலை சுலபம். யூனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய யூனிகோடு இடத்தில் வையுங்கள். 'கி', 'கு', 'க்' போன்றவற்றுக்கு யூனிகோட்டில் தனி இடம் கிடையாது. அவற்றுக்குப் பெயர் மட்டும் கொடுத்து, எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவைக்கும் ஓப்பன்டைப் விதியால் இணைக்க வேண்டும்: 'க'வும் உகரக் குறியும் சேர்ந்தால் 'கு' வடிவத்தைக் காட்டு என்பது போல. இந்த விதிகளைத் தமிழுக்குரிய பழைய குறிச்சொல் (taml), புதிய குறிச்சொல் (tml2) இரண்டின் கீழும் பதியுங்கள். ஒன்றை விட்டால் சில மென்பொருளில் எழுத்து சிதறும்.

கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்.

கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், கணினியே செய்துவிடும். 'கொ'வை கொம்பு, க, கால் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். ஆனால் இதனால் ஒரு குழப்பம் வரும். பழைய 'லை'க்கு விதி எழுதும்போது, 'ல' பிறகு 'ை' என்று தட்டச்சு வரிசையில் எழுதினால் விதி வேலை செய்யாது. விதி ஓடும் நேரத்தில் குறி ஏற்கெனவே முன்னால் போய் நின்றிருக்கும். ஆகவே 'ை', பிறகு 'ல' என்ற வரிசையில் எழுதுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது, உங்களுக்கு அந்தத் தூக்கம் மிச்சமாகட்டும்.

அடுத்தது ஸ்ரீ. 'ஸ'வில் தொடங்கியும் தட்டச்சு செய்கிறார்கள், 'ஶ'வில் தொடங்கியும் செய்கிறார்கள். இரண்டுக்கும் விதி போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் தன் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுத்துருவையே நீக்கிவிடுவார்.

பழைய ஏழு வடிவங்களை இயல்பாகவே வரும்படி வைக்க வேண்டாம். விருப்ப வடிவத் தொகுப்பாக (ஸ்டைலிஸ்டிக் செட்) வையுங்கள், வேண்டியவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். யூனிகோட்டில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் ஒரே குறிதான் என்பதால் வடிவம் மாறினாலும் உள்ளே உரை மாறாது, தேடினாலும் கிடைக்கும்.

எழுத்தை வரையும் கட்டத்தின் அளவை 1000 அலகு என்று வையுங்கள். கீழே 'மூ', 'கூ' இறங்கும், மேலே 'கீ'யின் சுழி ஏறும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரியில் வைத்து முட்டுகிறதா என்று பார்த்து வரி உயரத்தைக் குறியுங்கள். தமிழ் பிரஷ் எழுத்துக்கு எழுத்தளவில் ஒன்றரை மடங்கு வரி இடைவெளி விட்டால் மூச்சுவிடும்.

கடைசியாக 'மேற்பொருந்தலை நீக்கு' (ரிமூவ் ஓவர்லேப்) என்ற கட்டளையை எல்லா எழுத்துக்கும் ஓட்டுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிளாட்டர் உள்ளேயும் வெட்டிவிடும்.

படி 7: ஊர்ப் பெயரால் சோதனை

இடைவெளியைச் சரிசெய்ய நான் பயன்படுத்துவது நம் ஊர்ப் பெயர்கள்தான். கொக்கிரகுளத்தில் கொம்பு, இரட்டித்த ககரம், 'கி', 'கு' எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிடும். காரையாறு என்று தட்டினால் காலும் 'ரை'யும் மயங்குகிறதா என்று தெரியும். முக்கூடலில் 'மு'வும் 'கூ'வும், மூலைக்கரைப்பட்டியில் 'மூ', 'லை', 'ரை', 'டி'. பாளையங்கோட்டை பழைய 'ளை'க்கு. ஆழ்வார்குறிச்சியில் 'ழ்' புள்ளியோடு எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம். பத்தமடையில் சுழியே குறைவு, 'ட' போன்ற நேர்க்கோட்டு எழுத்து பிரஷில் மொட்டையாக நிற்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

திரையில் பார்த்தால் போதாது. அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எதிர்த் தெருவுக்குப் போய் நின்று படியுங்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

எங்கே பயன்படுத்தலாம்

பிரஷ் எழுத்துரு கூப்பிடுவதற்கு. விவரம் சொல்வதற்கு அது ஆகாது. இரண்டு மூன்று சொல் என்றால் அது பாடும், மூன்று வரிக்கு மேல் போனால் கத்தும்.

கோவில் கொடை நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொடை விழா' என்ற தலைப்பும் சாமி பெயரும் பிரஷில் இருக்கட்டும். குடியழைப்பு எப்போது, வில்லுப்பாட்டு எப்போது, சாமக்கொடை எப்போது என்ற நிகழ்ச்சி நிரலும், கொடைக்கு வரி கொடுக்கும் வரிக்காரர் பெயர்களும் முக்தா மலர், கேட்டமரன் மாதிரி நேரான எழுத்துருவில் இருக்கட்டும். தேரோட்ட வரவேற்புப் பதாகைக்கும் இதே கணக்கு.

கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், வீட்டில் போடும் வடகம், ஊறுகாய் ஆகியவற்றின் லேபிளுக்கு இது மிகவும் பொருந்தும். கையால் செய்த பொருள் என்று எழுத்தே சொல்லிவிடும். ஆனால் இயந்திரத்தில் செய்த பொருளுக்குக் கைப்பக்குவம் என்று காட்டுவதற்காக இதைப் போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். டீக்கடை, சலூன், பரோட்டா கடை, ஆட்டோவின் முதுகு, பள்ளி ஆண்டு விழா மேடை எல்லாமே இதற்கு ஏற்ற இடங்கள். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மட்டும் போடலாம்.

பலகைக்கு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதற்குப் பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 60 அடி அகலச் சாலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க 6 அங்குலம். தமிழ்ச் சுழிகள் தடித்த பிரஷில் அடைத்துக்கொள்வதால் நான் அதில் பாதியைக் கூட்டி 9 அங்குலம் வைப்பேன். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டியில் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடிதான், அங்கே இன்னும் பெரிதாக வேண்டும்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மஞ்சளில் சிவப்பு, நீலத்தில் வெள்ளை என்று பெயிண்டர்கள் பழக்கிவைத்த ஜோடிகளே போதும். எழுத்தைச் சுற்றி அவுட்லைன் போட்டால் சுழி அடைத்துக்கொள்ளும். நிழல் வேண்டுமானால் ஒரே பக்கமாக, எழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கிப் போடுங்கள்.

எங்கே கூடாது

தொலைபேசி எண், முகவரி, விலை, மருந்து விவரம், காலாவதி தேதி. இவற்றில் பிரஷ் எண்களை வைக்கவே கூடாது. ஒரு சமையல் கான்ட்ராக்டருக்கு விசிட்டிங் கார்டு செய்தபோது அழகாக இருக்கிறதே என்று எண்ணையும் பிரஷிலேயே போட்டேன். 1-இன் தலையில் இருந்த கொக்கி 7 போலத் தெரிந்தது. கார்டு கொடுத்த இடத்திலெல்லாம் யாரோ ஒருவருக்கு அழைப்பு போனது, இவருக்கு ஒரு முகூர்த்தச் சமையல் கைநழுவியது. அத்தனை கார்டையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த இழப்பைக் கார்டால் ஈடு கட்ட முடியாது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் நான் இதைப் போட மாட்டேன். துள்ளும் எழுத்து அங்கே மனதை உறுத்தும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

நோட்டீஸ், பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் நம் பக்கத்து டிடிபி சென்டர்கள் பலவற்றில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களும், பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளும் ஓடுகின்றன. அங்கே யூனிகோடு தமிழ் வேலை செய்யாது. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இங்க்ஸ்கேப்பிலோ லிப்ரே ஆபீஸிலோ நீங்களே தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நகலைத் திருத்தக்கூடிய நிலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழை கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் படும்.

இன்டிசைனிலோ ஃபோட்டோஷாப்பிலோ கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவில் பிழை இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான 'வேர்ல்ட் ரெடி' என்ற தேர்வுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வெளியிடுதல்

இலவசமாகக் கொடுப்பதென்றால் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் நல்லது. யாரும் எந்த வேலைக்கும், வியாபாரத்துக்கும் கூடப் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம். எழுத்துருவைத் தனியாக மட்டும் விற்க முடியாது. விற்பதாக இருந்தால் எத்தனை கணினி, விளம்பரத்துக்கு உண்டா, செயலிக்குள் வைக்கலாமா என்பதைத் தமிழிலேயே எழுதி எழுத்துருவோடு சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் பிறர் எழுத்துருவை எடுக்கும்போதும் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைப் பலகைக்குப் போடுங்கள்.

எழுதி வாங்கிய தாள்களை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும் எந்த பிரஷ் என்பதும் குறித்து, தட்டையாக அடுக்கி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். என்னிடம் இருக்கும் கட்டில் முதல் தாளில் அண்ணாச்சி 'நெல்லை' என்று இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார், மேலே துதிக்கையோடு ஒன்று, கீழே கொம்போடு ஒன்று. எழுத்துருவில் ஏதாவது ஓர் எழுத்து சரியாக நிற்கவில்லை என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டை எடுத்து, அந்த எழுத்து வந்த மூன்று சொல்லையும் பார்த்து, அதிலிருந்துதான் திருத்துகிறேன்.